முதல் சுற்று

ஊட்டியில் ஜூலை என்றால்
ஆய்வுக்கூடத்துக்குள்ளும் மேகம்தான்.
ஜன்னல் இடுக்கில் துணி செருகியும்
குவளைகளுக்கு வியர்க்கிறது.
ஹாலன் ஹீட்டரைக் காலால் தள்ளி
என் பக்கம் திருப்பிவிட்டு
சாவிக்கொத்தோடு டீக்குப் போய்விட்டார்.

நகத்தளவு கண்ணாடி.
அதன்மேல் டங்ஸ்டன் ஆக்சைடு,
எலுமிச்சைச் சாறு காய்ந்த கறைபோல.
சாய்த்துப் பார்த்தால்தான் இருப்பதே தெரியும்.
கிளிப்பில் கடிக்கவைத்து
நீர்த்த அமிலத்தில் இறக்குகிறேன்.

மின்னழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகப் போக
புரோட்டான்கள் உள்ளே ஏறுகின்றன.
கதவை உடைத்துக்கொண்டு அல்ல.
குன்னூர் பஸ்ஸில்
இருவர் சீட்டில் மூன்றாவதாக
"கொஞ்சம் தள்ளுங்க" என்று உட்காருகிறவரைப் போல.
ஒவ்வொன்றுக்கும் துணையாக ஓர் எலக்ட்ரான்.
ஆறாக இருந்த டங்ஸ்டன்
அங்கங்கே ஐந்தாகிறது.
கறை நீலமாகிறது.

சுற்றுலா வருகிறவர்கள் கேட்பார்கள்,
எல்லாம் பச்சையா இருக்கே, நீலம் எங்கம்மா என்று.
இதோ, நகத்தளவு.

ஆனால் நான் காத்திருப்பது நீலத்துக்கு அல்ல.
முதல் சுற்றில் இதே மின்னழுத்தத்தில்
ஒன்றுமே இல்லை.
மூன்றாவது சுற்றில்
இடது விளிம்பில், கடுகைவிடச் சிறிதாக,
குமிழிகள்.

"உள்ளே போனது உள்ளே கிடக்கும்.
மேற்பரப்புக்கு அதில் என்ன வேலை?
கிளிப்பைக் கழுவு" என்றார் திரவியசுந்தரம் சார்.
கழுவினேன்.
அமிலத்தை மாற்றினேன்.
எதிர்முனையில் இருந்த பிளாட்டினக் கம்பி
துளித்துளியாய்க் கரைந்து வந்து படிந்து
தன் வேலையைக் காட்டுகிறதோ என்று
அதையும் எடுத்துவிட்டுக் கரிக்குச்சி வைத்தேன்.
நாற்பத்தோரு கண்ணாடிகள்.
குமிழிகள் வந்தன.

இன்னொன்றும் செய்தேன், சாரிடம் சொல்லவில்லை:
புதுப் படலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்,
உருண்டு குந்தியிருந்தது.
நீலமானதைக் கழுவி உலர்த்தி விட்டேன்,
படுத்துவிட்டது.

எனக்குப் புரிந்த வரையில்:
உள்ளே உட்கார்ந்தவர்களின் கனம்
மேல் வரிசை ஆக்சிஜனுக்குத் தெரிந்துவிடுகிறது.
ஹைட்ரஜனை ஏறெடுத்தும் பார்க்காமல் இருந்தது
இப்போது ஒரு கணம் பிடிக்கிறது,
பிறகு விடுகிறது.
இறுகப் பிடித்திருந்தால் குமிழி இல்லை.
பிடிக்கவே இல்லையென்றாலும் இல்லை.

நாலு இருபதுக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் நாலு முறை கத்திவிட்டு அடங்கியது.
போன் வெளிச்சத்தில் பார்த்தேன்:
யாரும் தள்ளாமலேயே
நீலம் நீலமாக இருந்தது.

கரண்ட் வந்ததும் திசையை மாற்றினேன்.
நூறு போனதில்
தொண்ணூற்று மூன்று வெளியே வந்தன.
ஏழு வரவில்லை.
வரைபடத்தில் முதல் சுற்றின் கோடு மட்டும்
தனியாக ஓடுகிறது.
மற்றவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.
திரும்ப முதல் சுற்று வேண்டுமென்றால்
வேறு கண்ணாடிதான் எடுக்க வேண்டும்.

என் அறையில் எட்டு மாதம் இருந்துவிட்டு
கூடலூருக்கு மாற்றலாகிப் போனாள் எஸ்தர்ராணி.
டீயில் நான் இப்போது மிளகு தட்டிப் போடுகிறேன்.
வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு
"இது உங்க வழக்கமா?" என்கிறார்கள்.
ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.
ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை.

ஹாலன் வந்து சாவியை ஆட்டினார்.
"இன்னைக்கும் வந்துச்சா, உங்க முட்டை?"
வந்தது என்றேன்.
குமிழியை அவர் முட்டை என்றுதான் சொல்வார்.
கண்ணாடியைக் குழல்விளக்கில் சாய்த்துக் காட்டினேன்.
வெளுத்துவிட்டது என்றார்.
முழுசாக இல்லை, ஓரத்தில் பாருங்கள்.
பார்த்தார். தெரியவில்லை என்றார்.
விளக்கை அணைக்கப் போனார்.

அதற்குள் எழுதிக்கொண்டேன்:
சுற்று மூன்று. இடது விளிம்பு.
கரிக்குச்சி. கிளிப் சுத்தம்.
வெளியே மழை.